ஐந்தாம் வார்த்தைக்காரி

மாவு அக்காவுக்கு ஆறுதல் சொல்லப் போன யாரும் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் திரும்பியதில்லை. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பக்கத்துக் கட்டிலில் என் வீட்டுக்காரர். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், அவருக்கும் அதே கதி. அவரைக் கூட்டிக்கொண்டு போய் மெஷின் முடியும்வரை உட்கார்ந்திருப்பது என் வேலை என்பதால், அக்காவுக்கு வந்த ஆறுதல்களையும் அவற்றுக்கு அவள் கொடுத்த பதில்களையும் ஒன்று விடாமல் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

ஒரு நாள் டவுணிலிருந்து ஒரு ஜெபக்குழு வந்தது. அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அக்காவின் கட்டில் ஓரம் நின்று, குரலைத் தாழ்த்தி, "சகோதரி, கலங்காதீங்க. இதுல தேவனுக்கு ஒரு நோக்கம் இருக்கு" என்றார்.

அக்கா படுத்தபடியே அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இருக்கட்டும். அத என்கிட்ட சொல்ல வேண்டியதுதான? உங்ககிட்ட சொல்லி அனுப்புததுக்கு, எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமலா போச்சு? காலையிலகூட சண்ட போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போகிற சாக்கில் வாசல் பக்கம் போய்விட்டார். ஊசியைச் சரிசெய்துகொண்டிருந்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அன்றைக்குத்தான் அக்காவை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவளை விசுவாசமில்லாதவள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும்போதே கோயிலில் தூணோரம் இருக்கும் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பாள். எங்கள் பக்கம் தேவாலயத்தைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வோம். பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே எல்லாக் கீர்த்தனையும் பாடுவாள். சாட்சி சொல்லும் நேரம் வந்தால் மட்டும் எழுந்திருக்கமாட்டாள். ஆளாளுக்கு எழுந்து, வியாதிக்காக ஸ்தோத்திரம், விபத்துக்காக ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது இவள் சேலை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஐயரே கேட்டுவிட்டார். "கிரைண்டர் வாங்க வச்சாரு, அதுக்கு ஸ்தோத்திரம். கிட்னி போனதுக்கு நான் சொல்லமாட்டேன். சொன்னா அது பொய்யி. கோயிலுக்குள்ள பொய் சொல்லப்பிடாது" என்றாள். ஐயருக்கு வயது குறைவு. அடுத்த பாட்டை அறிவித்தார்.

கிரைண்டர்தான் அவள் பிழைப்பு. புருஷன் பஸ் கண்டக்டராக இருந்து செத்துப்போனவர். பிள்ளை இல்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்றாள். ஊரில் சின்னது பெரியது எல்லோருக்கும் அவள் மாவு அக்கா. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்கென்று இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் புடைத்துக்கொண்டு நிற்கும். நான் முதல் தடவை அதைப் பார்த்து முகம் சுளித்தபோது என் கையைப் பிடித்து இழுத்து அதன்மேல் வைத்தாள். உள்ளே விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. "பாத்தியாளா, இங்கனயும் ஒரு கிரைண்டரு. இதுக்கு கரண்டு பில்லு கிடையாது" என்றாள்.

அவளுடைய கோபம் நோயைப் பற்றியதல்ல. நோய்க்குக் காரணம் சொல்ல வருகிறவர்களைப் பற்றியது. வேறொரு நாள் வேறொருவர் வந்து என் வீட்டுக்காரரிடம், "மறைவான பாவம் ஏதாவது இருக்கும், அறிக்கை பண்ணீருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து இவர் சாப்பிடவில்லை. எப்பவோ நாக்பூர் லைனில் குடித்தது, யாரிடமோ கோபத்தில் சொன்னது என்று பழசையெல்லாம் கிளறிக்கொண்டு கிடந்தார். அடுத்த முறை மெஷினில் படுத்திருக்கும்போது என்னைக் கூப்பிட்டு, "ஏளா, நான் குடிச்சதுனாலதான் இப்படி ஆச்சோ?" என்றார்.

பதில் பக்கத்துக் கட்டிலிலிருந்து வந்தது. "டிரைவர் அண்ணாச்சி, குடிச்சா ஈரல்லா போகும்? உங்களுக்குப் போனது கிட்னி. தண்டன குடுக்கவருக்கு உடம்புல எது எங்கன இருக்குன்னு தெரியாதா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததில் மெஷின் அலாரம் அடித்தது. அக்கா சிரிக்கவில்லை. "உங்களுக்கு சுகர் இருந்துச்சு. எனக்கு பிரஷரு, பாக்காம விட்டேன். அம்புட்டுதான். இதுக்குள்ள ஆண்டவர எதுக்கு அடியாளு மாதிரி இழுத்துட்டு வாராக?" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த ஒரு காரியத்துக்காக நான் அவளுக்கு ஆயுசுக்கும் கடன்பட்டவள்.

டயாலிசிஸ்காரர்களுக்கு ஊசி, மருந்து, பத்தியம் எல்லாம் பழகிவிடும். பழகாதது தாகம். குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. உடம்பிலேயே தங்கிக் காலில் வீங்கும், பிறகு நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளவு சொல்லிவிடுவார். அக்கா காலையில் ஒரு சின்ன பாட்டிலை நிரப்பி வைப்பாள். அன்றைய டீ, ரசம், மாத்திரைக்கான தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். யார் வீட்டிலாவது டீ குடித்துவிட்டால், திரும்பி வந்து அதே அளவு தண்ணீரை பாட்டிலிலிருந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவாள்.

அவள் தொழிலோ முழுக்கத் தண்ணீரில். அரிசியை ஊறவைக்க, உளுந்தைக் களைய, கிரைண்டர் ஓடும்போது கை நிறைய அள்ளித் தெளிக்க, கல்லைக் கழுவ என்று விடிந்தால் தண்ணீருக்குள்தான் நிற்பாள். வீட்டுக்கு வடக்கே நடந்தால் தாமிரபரணி. கோடையிலும் எங்கள் படித்துறையில் முங்கிக் குளிக்கத் தண்ணீர் இருக்கும். மணிமுத்தாறு பக்கம் மழை பெய்துவிட்டால் இன்னும் சொல்ல வேண்டாம். அக்கா கழுத்தளவு தண்ணீரில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பாள். "வாயத் தொறந்தா நாக்கு களவாங்கிரும் ளா" என்பாள். நான் ஒருமுறை அவளுக்கு எதிரில் நின்று தெரியாத்தனமாக ஆற்றுத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டேன். அவள் கண் என் கையிலிருந்து தொண்டைக்கு இறங்கியது. அப்படியே முங்கிவிட்டாள்.

எங்கள் கோயிலில் பெரிய வெள்ளி அன்று பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பிரசங்கச் செய்தி கொடுப்பார்கள். எந்த வார்த்தை யாருக்கு என்பது கல்லில் வெட்டியதுபோல ஆகிவிட்டது. தாயைச் சீடனிடம் ஒப்படைத்த மூன்றாம் வார்த்தை எப்போதும் பெண்கள் சங்கத்துக்கு. தாகமாயிருக்கிறேன் என்ற ஐந்தாம் வார்த்தை சேகரச் செயலருக்கு. சேகரம் என்றால் ஓர் ஐயரின் கீழ் வருகிற சபைகள். அவர் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கே அண்ணாச்சி. ஆள் கெட்டவரில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து பந்தல் போட ஆள் சொல்வது அவர்தான். பேசும்போது தொண்டை வறண்டுபோகும் என்பதால் அவருக்கு மட்டும் பிரசங்க மேடையில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தட்டு போட்டு மூடி வைப்பார்கள்.

அக்காவின் டயாலிசிஸ் வெள்ளிக்கிழமை மத்தியானம் என்பதால் நோய் வந்ததிலிருந்து அவள் அந்த ஆராதனைக்குப் போனதே இல்லை. ஒரு வருஷம் கோயிலில் அதை யூடியூபில் காட்ட ஆரம்பித்தார்கள். நானும் அவளும் அவள் போனில் ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பார்த்தோம். வெளியே பங்குனி வெயில். வார்டில் ஏசி சரியாக ஓடவில்லை. முந்தின நாள் வெக்கையில் கொஞ்சம் கூடுதலாகக் குடித்துவிட்டாள் என்று எடை பார்க்கும்போதே நர்ஸிடம் திட்டு வாங்கியிருந்தாள். உதடு வெடித்துக் கிடந்தது.

செயலர் அண்ணாச்சி மேடை ஏறினார். "அன்பானவர்களே, இது சரீரத் தாகமல்ல. தண்ணீருக்கான தாகமல்ல. ஆத்துமாக்களுக்கான தாகம்" என்று ஆரம்பித்து, பத்து நிமிஷம் அதையே பல விதமாகச் சொன்னார். நடுவில் நிறுத்தினார். தட்டை எடுத்தார். டம்ளரைத் தூக்கி மடமடவென்று குடித்து, மீசையைத் துடைத்துவிட்டு, "ஆம், தண்ணீருக்கான தாகமல்ல" என்று தொடர்ந்தார்.

அக்கா இயர்போனைப் பிடுங்கிவிட்டாள். "கேட்டியாளா? தண்ணியக் குடிச்சிக்கிட்டே தண்ணி இல்லங்காரு."

"விடுங்கக்கா, அவரு எப்பமும் சொல்லுததுதான."

"எப்படி விட? அந்த மனுஷனுக்கு ரத்தமெல்லாம் போயி, ராத்திரி பூரா அடி வாங்கி, வெயில்ல தொங்கிக்கிட்டு கெடக்காரு. தாகம்ங்காரு. இவரு இங்கன நின்னுக்கிட்டு, அவரு கேட்டது அது இல்லங்காரு." அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாங்கமுடியாத கோபம் வந்தால்தான் அவள் அழுவாள். மெஷின் முடிந்து ஊசியை எடுக்கும்போது சொன்னாள், "அடுத்த வருஷம் அஞ்சாம் வார்த்தை நான்தான் பேசுவேன்."

அடுத்த வருஷம், பெரிய வெள்ளிக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில், ஞாயிறு ஆராதனை முடிந்து சேகரக் கமிட்டி கூடியிருந்த இடத்துக்கு அக்கா போய் நின்றாள். நானும் துணைக்குப் போனேன். துணைக்கு என்றால் வேடிக்கை பார்க்க. விஷயத்தைச் சொன்னதும் செயலர் அண்ணாச்சி சிரித்தார். "பெண்கள் சங்கத்துக்கு மூணாம் வார்த்தை இருக்கேம்மா. தாயைப் பத்தினது. அத நீ பேசேன். அதுதான் வழக்கம்."

"எனக்குப் பிள்ளை இல்ல. தாயைப் பத்தி நான் என்னத்தச் சொல்ல? தாகத்தப் பத்தி எனக்குத் தெரியும்."

"அதுக்கெல்லாம் வேத ஆராய்ச்சி வேணும்மா. மேலோட்டமாப் பாத்தா தண்ணின்னு தோணும்."

"எனக்கு நாலு வருஷமா அப்படித்தான் தோணுது அண்ணாச்சி."

கமிட்டியில் சிலர் சிரித்தார்கள், சிலர் தரையைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை உனக்கு டயாலிசிஸ் ஆச்சே என்று ஒருவர் கரிசனமாக ஞாபகப்படுத்தினார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் ஐயர். யோசிக்கிறேன் என்றால் எங்கள் ஊரில் இல்லை என்று அர்த்தம். நான் அக்காவை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அவள் ஆண்டவரோடு பேசிக்கொண்டு வந்தாள். என்னிடம் பேசவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை ஐயர் வார்டுக்கு வந்தார். ஜெபம் பண்ண வாய் எடுக்கும் முன்பே அக்கா, "ஐயா, மொதல்ல டீ குடிங்க. ஏளா, வாங்கிட்டு வா" என்றாள். நான் கேன்டீனில் வாங்கி வந்து கொடுத்தேன். அவர் ஒரு மடக்குக் குடித்தார். அக்கா ஒருக்களித்துப் படுத்து அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் இன்னொரு மடக்குக் குடித்தார். அது இறங்குவதையும் அவள் பார்த்தாள். நாக்கு வெளியே வந்து உதட்டைத் தடவி உள்ளே போயிற்று. அது அவளுக்கே தெரியாமல் நடந்தது. ஐயர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் வச்சிட்டீங்க? சூடு ஆறிப்போகும்."

"இல்லம்மா, போதும்."

"இதுக்கே போதும்னுட்டீங்க. சிலுவையில தொங்குதவருக்கு முன்னால நின்னு வருஷா வருஷம் குடிக்கோம்லா? அவரும் இப்படித்தான பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு."

ஐயர் கையிலிருந்த வேதப்புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். ஜெபம் பண்ணவில்லை. போகும்போது என் வீட்டுக்காரர் தோளில் கைவைத்துவிட்டுப் போனார். வந்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் ஐந்தாம் வார்த்தைக்கு அக்காவின் பெயரை வாசித்தார். செயலர் அண்ணாச்சிக்கு ஆறாம் வார்த்தை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசை, ஆனால் அவர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததால் பிடரிதான் தெரிந்தது.

மிச்சமிருந்தது வெள்ளிக்கிழமை மெஷின். வார்டில் செவ்வாய், வியாழன், சனி வருகிற ஒரு மேலப்பாளையம் பாய், எங்களுக்குப் பழக்கம். பாய் வெள்ளிக்கிழமை அக்காவின் நேரத்தில் வந்துவிட்டால், அக்கா சனிக்கிழமை அவர் நேரத்தில் போய்க்கொள்ளலாம். ஆனால் அது ஜும்ஆ தொழுகை நேரம். கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பாய் சிரித்தார். "நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை இருக்கும்மா. போன நோன்புக்கு என்னைய வைக்கக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு. நோன்பு இல்லாமலே தாகம்னா என்னன்னு தெரிஞ்சவன் நான். அக்காவ நல்லாப் பேசச் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர நான் பக்கத்துலருந்து பாத்துக்கிடுதேன், நீங்களும் போயிட்டு வாங்க." டாக்டர் மட்டும் முறைத்தார். ஒரு நாள் தள்ளிப்போவதால் அதுவரை தண்ணீரைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றார். அக்கா தலையாட்டினாள்.

பெரிய வெள்ளி அன்று எங்கள் ஊரில் மூன்று மணிவரை, மேடையில் நிற்கும் செயலர் அண்ணாச்சியைத் தவிர, யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். கோயில் நிறைந்து, சணல் பந்தலுக்கு அடியிலும் ஆட்கள். மின்விசிறி அனலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. நான்கு வார்த்தைகள் முடிந்து பாட்டு பாடினோம். அக்கா வெள்ளைச் சேலையில், பெஞ்சு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு பைய நடந்துபோய் மேடை ஏறினாள். கோயில் வேலைக்காரர் பழக்கதோஷத்தில் ஐந்தாம் வார்த்தைக்கு என்று தண்ணீர் டம்ளரைத் தட்டு போட்டு மூடி வைத்திருந்தார். அவள் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"எல்லாரும் காலையிலருந்து தண்ணி குடிக்காம வந்திருக்கீங்க. நாக்கு ஒட்டுதா?" என்று ஆரம்பித்தாள். "ஒட்டும். அதுதான் அஞ்சாம் வார்த்தை. மத்ததெல்லாம் நாம சேத்தது."

செயலர் அண்ணாச்சி கால் மேல் போட்டிருந்த காலை இறக்கினார்.

"அவரு தாகம்னு சொன்னது தண்ணிக்குத்தான். என்னைய மாதிரி ஒரு ஆளு அங்கன நின்னிருந்தா, ஒதட்டப் பாத்தே சொல்லிருப்பேன். எனக்கு இந்த நோய் ஏன் வந்துச்சுன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுதீங்க. சோதனைங்கீக, சிட்சைங்கீக, பாவம்ங்கீக. எனக்குக் காரணமே வேண்டாம். கிரைண்டர் முன்னால நிக்கையில நாக்கு மேல போயி ஒட்டிக்கிடும். அப்பம் ஆண்டவரேன்னு கூப்பிடுவேன். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சும்பாரு. அதத் தவிர ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அது போதும்னு நான் சொல்லல. போதாது. போதாதுன்னு அவருகிட்டயே சொல்லிருக்கேன். ஆனா எனக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான். அதையும் கொண்டுபோயி ஆத்தும தாகம்னு ஆக்கிட்டீங்கன்னா, என் தாகத்துல நான் மட்டும் தனியாக் கெடப்பேன். அதுக்கு நான் விடமாட்டேன்."

அவளுக்கு மூச்சு வாங்கியது. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இன்னைக்கு எனக்கு உள்ளது இந்த ஒரு டம்ளர்தான். விடிஞ்சதுலருந்து ஒரு சொட்டு தொடல. அவருக்குப் புளிச்ச காடியக் குடுத்தாங்க. எனக்கு ஒரு டம்ளர் தண்ணியாவது இருக்கு. அவரு பாக்க, நீங்க பாக்க, இத நான் குடிக்கப்போறேன்."

குடித்தாள். மடமடவென்று இல்லை. ஒவ்வொரு மடக்காக, வாயில் வைத்து, கண்ணை மூடி விழுங்கினாள். அந்தச் சத்தத்தை மைக் எடுத்து ஊருக்கே போட்டது. வறண்ட தொண்டையோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரு மனுஷி தண்ணீர் குடிப்பதை முதல்தடவையாகக் கேட்டோம். எனக்குப் பின்னால் ஒரு கிழவர் எச்சில் விழுங்கினார். பந்தலுக்கு அடியில் ஒரு குழந்தை, "எனக்கும் தண்ணி" என்று அழுதது. அக்கா டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். அவளுக்குக் கொடுத்த இருபது நிமிஷத்தில் பாதிக்குமேல் மிச்சமிருந்தது. ஐயர் அதை எதைக்கொண்டும் நிரப்பவில்லை. மின்விசிறிச் சத்தத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ஊர் இரண்டு பட்டது. உபவாச நாளில் மேடையில் நின்று தண்ணீர் குடித்துவிட்டாள் என்று சிலர் அவளிடம் மாவு வாங்குவதை நிறுத்தினார்கள். அதுவரை அவளிடம் வாங்காத சிலர் வாங்க ஆரம்பித்தார்கள். "புளிப்பு சரியா இருக்கான்னு மட்டும் கேளு, மத்ததக் கேக்காத" என்பாள் என்னிடம். செயலர் அண்ணாச்சி அவளைப் பார்த்தால் குடையைத் தாழ்த்திக்கொண்டு போனார்.

ஐப்பசி அடைமழையில், மெஷினில் இருக்கும்போதே அவளுக்கு நெஞ்சு நின்றுவிட்டது. கடைசியாக என்னிடம் பேசியது, "மாவு பொங்கிரும், போனதும் பெரிய தூக்குச் சட்டிக்கு மாத்தீரு" என்பதுதான். டாக்டரும் நர்ஸும் ரொம்பப் பாடுபட்டார்கள். என் வீட்டுக்காரர் தன் ஊசியோடு எழுந்திருக்கப் பார்த்ததை நான்தான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

சாவு வீட்டிலும் காரணம் சொல்ல ஆள் வந்துவிட்டது. "பெரிய வெள்ளியன்னைக்கு மேடையில நின்னு தண்ணி குடிச்சாள்லா, சும்மாவா விடும்?" என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். அக்கா இருந்திருந்தால் எழுந்து பதில் சொல்லியிருப்பாள். நான்தான் எழுந்தேன். "அவளுக்கு நெஞ்சு நின்னுபோச்சு. அம்புட்டுதான். அதுக்கு மேல தெரிஞ்சா டாக்டர்கிட்ட போயிச் சொல்லு" என்றேன். என் குரல் அவள் குரல்போல இருந்ததில் எனக்கே ஆச்சரியம். ஐயர் செய்தி கொடுக்கும்போது, இந்த மரணத்துக்கு எனக்கு எந்தக் காரணமும் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஒரு ஜெபம் பண்ணிவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் கல்லறைத் தோட்டம் ஆற்றுக்கு இறங்குகிற வழியில். மழை அன்று வெறித்து வானம் தெளிந்திருந்தது. எல்லோரும் ஒரு கை மண் போட்டு, குழியை மூடி, சிலுவையை நட்டு, கூட்டம் கலைய ஆரம்பித்தது. நான் அக்கா வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்த குடத்தோடு ஆற்றுக்கு இறங்கினேன். அரிசி களைய அவள் வைத்திருந்த குடம். நிறைய மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்தபோது கல்லறைக்கு முன்னால் செயலர் அண்ணாச்சி நின்றார்.

"மண்ணு அமுங்குததுக்கு ரெண்டு கை தெளிச்சாப் போதும்மா."

"தெளிக்க இல்ல அண்ணாச்சி. ஊத்த."

"கல்லறையில குடத்தோட வந்து தண்ணி ஊத்துதது நம்ம முறை இல்ல. அது வேற ஆளுக முறை. நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாக?" குரலை இறக்கி, நிஜமான வருத்தத்தோடு சொன்னார், "அவ ஆத்துமா போயிருச்சும்மா. ஆத்துமாவுக்கு ஏது தாகம்?"

"அத நீங்கதான வருஷா வருஷம் சொன்னீங்க?"

அவர் என் இடுப்பிலிருந்த குடத்தைப் பார்த்தார். குடத்தின் வாயிலிருந்து தண்ணீர் வழிந்து என் சேலையெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. பைய நகர்ந்து வழி விட்டார்.

"ஆத்துமாவ ஆண்டவரு பாத்துக்கிடுவாரு அண்ணாச்சி. இது அவளுக்கு" என்று சொல்லிவிட்டு, தலைமாட்டிலிருந்து ஊற்ற ஆரம்பித்தேன். யாருடைய அளவும் இல்லாமல், குடம் காலியாகும்வரை ஊற்றினேன். மழையில் நனைந்த மண்தானே, நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அவ்வளவையும் குடித்துவிட்டது.

குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஆற்றுக்கு இறங்கினேன்.